சுவரும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்



இன்றைய பதிவு நீளம். கோயில் படம், பேரன் படம் எதுவும் இன்று கிடையாது. பி.பி. இருக்கிறவர்களும், வீட்டில் பி.பி. உள்ள அப்பா அம்மா இருக்கிறவர்களும் கடைசி வரை படித்துவிட வேண்டும். பாதியிலேயே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'மாத்திரையே வேண்டாம், சுவர் போதும். வாரம் மூன்று நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பி.பி. ஓடிப்போகும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று. கூடவே ஒரு படம். ஒரு பெண் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர்களுக்கு நான் கொடுத்த தண்டனை அல்லவா அது! இராஜபாளையத்தில் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சுவர் மறந்திருக்காது. அந்தச் சிரிப்போடு, முழுசாகப் படிக்காமல், 'பயனுள்ள தகவல்' என்று எழுதி மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் பெரியம்மா மகன் அண்ணன். சொந்தங்களுக்கு யார் என்று தெரியும். பேரைப் போடவில்லை. 'எழுது, என்னை மாதிரி இன்னொருத்தன் ஏமாறக் கூடாது, பேரை மட்டும் போடாதே' என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருடமாகப் பி.பி. மாத்திரை. எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. செய்தி வந்த மறுநாளே திண்ணைச் சுவரில் ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதம் கழித்து மருந்துக் கடையில் பார்த்தபோது 150 இருந்தது 138-க்கு வந்திருந்தது. அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். மதினி கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "தங்கச்சி அனுப்பிருக்கா. அவ படிக்காமலா அனுப்புவா?"

ஆடிப்பூரத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில் சட்டைப் பட்டன் போடும்போது வலது கை வரவில்லை. பேச்சு குழறியது. மகன் உடனே காரில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. பக்கவாதம். இன்றைக்கும் வலது கையில் தம்ளர் நிற்காது. பேசும்போது சில சொற்களைத் தேடுகிறார். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் மாத்திரையை நிறுத்தியது பெரிய தப்பு என்றார் அங்கிருந்த டாக்டர். அண்ணன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது மதுரையில் டாக்டர். அவனிடம் கேட்டு அந்த ஆராய்ச்சிக் கட்டுரையையே வாங்கி, புரியாத இடத்தை எல்லாம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அனுப்புவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. படித்து முடித்தபோதுதான் தெரிந்தது: ஆராய்ச்சி உண்மை. அதன் மேல் ஒட்டியிருந்த 'மாத்திரையே வேண்டாம்' என்ற வரிதான் பொய். அப்படி ஒரு சொல் அந்தக் கட்டுரையில் இல்லவே இல்லை.

உண்மை என்ன என்பதைச் சொல்கிறேன்.

2023-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்ற இதழில் வந்த கட்டுரை அது. இங்கிலாந்தில் உள்ள கேன்டர்பரி கிரைஸ்ட் சர்ச் பல்கலைக்கழகத்தையும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள், 1990 முதல் 2023 பிப்ரவரி வரை உலகத்தில் நடந்த 270 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தம் 15,827 பேர். எந்த உடற்பயிற்சி ரத்த அழுத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது கேள்வி. பி.பி.யில் மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்ப்போம். நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரியானவை சராசரியாக சுமார் நான்கரை புள்ளி குறைத்தன. எடை தூக்கி இறக்கும் பயிற்சியும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 6. அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சி 8-க்குச் சற்று மேல். அந்த வகையிலும் மேல் எண்ணைக் குறைப்பதில் சுவரில் சாய்ந்து உட்காருவதுதான் முன்னால் நின்றது. கீழ் எண்ணைக் குறைப்பதில் தனிப் பயிற்சிகளில் ஓட்டம் முன்னால் வந்தது.

இந்த அசையாத பயிற்சிக்கு ஐசோமெட்ரிக் என்று பெயர். கிரேக்கத்தில் ஐசோ என்றால் சமம், மெட்ரான் என்றால் அளவு. தசை இறுகும், ஆனால் நீளம் மாறாது. தோப்புக்கரணம் இந்த வகையில் வராது, அதில் உடம்பு ஏறி இறங்குகிறது. தண்டால் எடுக்கும்போது வராது, தண்டாலில் பாதியில் அப்படியே நின்றால் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். ஆடிப்பூரத் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் வடம் பிடித்தவர்கள் எல்லாரும் இழுத்துக்கொண்டே நிற்பார்கள். தேர் ஒரு அங்குலம் நகராது. ஆனால் தோளும் தொடையும் இறுகி வேர்த்துக் கொட்டும். அதுதான் ஐசோமெட்ரிக். வேலை என்பது விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்குவது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர் நகராத வரைக்கும் அந்தக் கணக்கில் வேலை பூஜ்யம். தசைக்குத் தெரியும் அது பூஜ்யமா இல்லையா என்று.

இது எப்படி பி.பி.யைக் குறைக்கிறது? தசை இறுகியிருக்கும்போது உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. விட்டதும் மடை திறந்தமாதிரி ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தும். வாரக்கணக்கில் இப்படி இறுக்கி விட்டு இறுக்கி விட்டுப் பழக்கினால் குழாய்கள் நெகிழ்கின்றன, அவற்றை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் கெடுபிடியும் குறைகிறது என்று விளக்குகிறார்கள்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. கையால் ஒரு பிடியை அழுத்திப் பிடித்தே பி.பி. குறைவதை 1992-லேயே அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள். 2017-இல் வந்த அமெரிக்க இதய மருத்துவர்களின் வழிகாட்டி நூலில் இந்தக் கைப்பிடிப் பயிற்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லி அங்கேயும் எழுதவில்லை.

இப்போது அண்ணன் கணக்கில் எங்கே தவறினார் என்று பாருங்கள். 150 என்பது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது இருந்த எண். 138 என்பது மாத்திரையும் சுவரும் சேர்ந்து வாங்கிய மார்க். அண்ணன் முழு மார்க்கையும் சுவருக்கே கொடுத்துவிட்டார். மாத்திரையை எடுத்ததும் அது தாங்கிக்கொண்டிருந்த அளவு மேலே ஏறிவிட்டது. ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் பி.பி. வலிக்காது. தலை சுற்றினால்தான் பி.பி. என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தலையே சுற்றாமல் 180 வைத்துக்கொண்டு தேரோட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

இன்னும் இரண்டு விஷயம். எட்டு என்பது சராசரி. ஒருவருக்கு பன்னிரண்டு குறையும், ஒருவருக்கு இரண்டு குறையும். 170 இருப்பவருக்கு எட்டு குறைந்தாலும் 162, அதுவும் ஆபத்தான எண்தான். அடுத்தது, இந்தப் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரம், சில மாதம் நடந்தவை. பி.பி. எண் குறைந்ததைக் காட்டின. பி.பி. மாத்திரைகளோ பக்கவாதத்தையும் மாரடைப்பையுமே குறைக்கின்றன என்று ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே தரச் சாட்சி இல்லை. அதனால்தான் தலைப்பில் 'உம்' போட்டிருக்கிறேன். சுவரும், மாத்திரையும். இலக்கணத்தில் எண்ணும்மை நடத்தியபோது தூங்கியவர்களுக்கு இன்றாவது அதன் அருமை புரியட்டும்.

இவ்வளவு நடந்த பிறகும் இந்தப் பயிற்சியை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்று கேட்பீர்கள்.

நம் ஊர்ப் பெண்களை நினைத்துத்தான். டாக்டரிடம் போனால் 'தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங் போங்கம்மா' என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். எங்கே போவது? விடிகாலையில் இருட்டு, தெருநாய். பொழுது விடிந்தால் தண்ணீர், சமையல், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிற பெண்ணும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் நாளெல்லாம் நிற்கிற பெண்ணும் எந்த நேரத்தில் வாக்கிங் போவார்கள்? அவர்களைப் பார்த்து 'உடம்பு வணங்கவில்லை' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். போக முடியாத இடத்துக்கு வழி சொல்லிவிட்டு, போகவில்லை என்று குற்றம் சொல்வது என்ன நியாயம்?

சுவர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஷூ வேண்டாம், மைதானம் வேண்டாம், பணம் வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம். மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குள், வாரம் மூன்று நாள். குக்கர் விசில் வருவதற்குள் பாதி முடிந்துவிடும். நடக்க முடிகிறவர்கள் நடையை விட வேண்டாம். சர்க்கரைக்கும் எடைக்கும் இதயத்துக்கும் நடை செய்கிற நன்மை வேறு. நடக்கவே வழியில்லாதவர்களுக்கு 'ஒன்றும் செய்ய முடியாது' என்ற நிலை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

செய்முறையைக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் பி.பி. பாருங்கள். மேல் எண் 180 அல்லது கீழ் எண் 110-ஐத் தொட்டிருந்தால் பயிற்சியை விடுங்கள், நேரே டாக்டரிடம் போங்கள். இதய நோய், ரத்தக் குழாய் வீக்கம், மூட்டுத் தேய்மானம், அண்மையில் கண் அறுவை சிகிச்சை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிற எல்லாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சுவரில் முதுகு முழுசாகப் படியச் சாய்ந்து நில்லுங்கள். பாதங்களைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் வையுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்ஸோடு வேண்டவே வேண்டாம். மெதுவாகச் சறுக்கி இறங்குங்கள். எவ்வளவு இறங்குவது என்பதற்குப் பேரப்பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை நினைத்துக்கொள்ளுங்கள். தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்து 90 பாகை ஆனால் அது முழு நாற்காலி, மிகக் கடினம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 130 பாகை அளவில், லேசாக மடக்கினால் போதும். இரண்டு நிமிடம் தாங்குங்கள். பிறகு எழுந்து இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு தடவை. ஆரம்பத்தில் அரை நிமிடம்தான் முடிகிறது என்றால் அரை நிமிடம். நான் இருபது விநாடியில் ஆரம்பித்தவள்.

மிக முக்கியம், மூச்சை அடக்கக் கூடாது. தாங்கி நிற்கும் நேரத்தில் பி.பி. ஏறத்தான் செய்யும், விட்ட பிறகுதான் இறங்கும். மூச்சையும் பிடித்துக்கொண்டால் அந்த ஏற்றம் இன்னும் கூடிவிடும். பி.பி. உள்ளவர்களுக்கு இந்த வகைப் பயிற்சி வேண்டாம் என்று முன்பு சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நான் கண்டுபிடித்த வழி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. பேசுகிறவர்களால் மூச்சை அடக்க முடியாது. எனக்குத் திருப்பாவையில் மூன்று பாசுரம் நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. பாசுரம் தெரியாதவர்கள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள், இப்போதாவது மனப்பாடம் ஆகட்டும். நெஞ்சு அழுத்தினாலும், தலை கிறுகிறுத்தாலும், முட்டி குத்தினாலும் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். தொடை எரிவது மட்டும் பரவாயில்லை.

முட்டி இடம் கொடுக்காதவர்கள் கைப்பிடியை அழுத்திப் பிடிக்கலாம். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். இதுவும் இரண்டு நிமிடம், நான்கு தடவை.

பலன் தெரிய எட்டு முதல் பத்து வாரம் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். பல் தேய்ப்பது மாதிரிதான்.

பி.பி. பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி முடித்த கையோடு பார்க்காதீர்கள். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அந்த நோட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். அவர் குறைத்தால் சந்தோஷம். அந்த முடிவு நானோ நீங்களோ எடுப்பது இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூன்றில் ஒருவருக்கு மேல். உலக அளவில் பி.பி. உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் படிக்கிற உங்களில் நாற்பது வயது தாண்டியும் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்களாக வருகிற பெண்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது 'இன்னொரு நாள் வாம்மா' என்று அனுப்பிவிடாதீர்கள்.

உப்பையும் மறக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, காராச்சேவு எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள்தான். பால்கோவாவில் உப்பு இல்லையே டீச்சர் என்று யாரும் கேட்க வேண்டாம். அதற்குச் சர்க்கரை பற்றித் தனிப் பதிவு இருக்கிறது.

கடைசியாக, அந்தப் பழைய தண்டனையைப் பற்றி. செய்தி வந்தபோது பழைய மாணவர்கள் சிலர், 'டீச்சர், அப்பவே எங்க பி.பி.க்கு வைத்தியம் பாத்துட்டீங்க' என்று எழுதினீர்கள். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை கால் நடுங்க, மற்ற பிள்ளைகள் பார்க்க நின்றது பயிற்சி இல்லை, அவமானம். 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவரில் நின்றவர்கள் அத்தனை பேரிடமும் இந்தப் பதிவு வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் நானே நின்றுகொண்டிருக்கிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் வலது கைக்குப் பந்து அழுத்தப் பழக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி. மாத்திரை டப்பா பக்கத்தில் இருந்தது. "நீ சொன்னா இப்பவும் கேப்பேன். ஆனா முழுசா படிச்சிட்டுச் சொல்லு" என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் சொன்னார்.

இதைப் பகிர்வதென்றால் முழுசாகப் பகிருங்கள். சுவர்ப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதீர்கள். இன்று இரவு அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள்? இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்றா? பதிலைக் கீழே எழுதுங்கள். நான் வருகைப் பதிவேடு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்